ஏர் டென்ட் வாங்குவதற்கு முன் டியூப் விலையைக் கேளுங்கள்

ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம், தெரிந்தவர் ஒருவருடைய தோட்டத்தில், இரவு ஒரு மணி வாக்கில், கம்பிக்குப் பதில் காற்றடைத்த வளைவுகளால் நிற்கும் எங்கள் ஏர் டென்ட் மெதுவாக இறங்கி எங்கள் மேல் படுத்துக்கொண்டது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. "அப்பா, டென்ட் என்னைத் தொடுது" என்று சின்னவள் எழுப்பிய பிறகுதான் பார்த்தேன், மூன்று வளைவுகளில் நடுவில் இருந்தது வாடிய வாழைத்தண்டு மாதிரி மடிந்து கிடக்கிறது. பம்ப் அடித்தால் அரை மணி நேரம் நிற்கும், மறுபடி படுக்கும். மீதி ராத்திரியை நான்கு பேரும் காருக்குள் கழித்தோம். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வேளச்சேரிக்குத் திரும்பியதும் தெருமுனைப் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போனேன். டியூபை மட்டும் எடுத்துப் போக முடியவில்லை, ஏனென்றால் காற்று நிற்கும் டியூபையும் அதன் மேலுள்ள துணி உறையையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தார்கள். மொத்த டென்டையும் சுருட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். அந்த அண்ணன் விரலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், இது ரப்பர் இல்ல. சொல்யூஷன் போட்டா இப்போ ஒட்டும், காத்து ஏறினா உரிஞ்சிரும்" என்றார். பரவாயில்லை போடுங்கள் என்றேன். போட்டார், மறுநாளே உரிந்தது. விற்ற இணையக் கடையில் கேட்டால், உதிரி பாகம் கிடையாது, வேண்டுமானால் தள்ளுபடியில் புது டென்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். ஒரு விரல் நகம் அளவு ஓட்டைக்காக முழு டென்டும் குப்பைக்குப் போனது.

அதற்கப்புறம் இரண்டாவது டென்ட் வாங்கும்போது நான் செய்த முதல் வேலை டென்டின் விலையைக் கேட்காததுதான். அதன் டியூப் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்றுதான் கேட்டேன். பதில் சொல்லத் திணறிய கடையை அங்கேயே விட்டுவிட்டேன். நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள்.

முதலில் டென்டைத் தூக்கி நிறுத்தும் காற்று வளைவு, அதாவது பீம் என்பதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல டென்டில் அது இரண்டு அடுக்கு. உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் டியூப், பெரும்பாலும் டி.பி.யூ. என்ற நெகிழியில் செய்தது, மெல்லியது, அதற்குத் தனியாக எந்த வலுவும் இல்லை. வெளியே நீளாத பாலியஸ்டர் துணியில் ஓர் உறை, அதுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. சைக்கிள் டியூபும் டயரும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உறையில் நீளவாக்கில் ஒரு ஜிப் இருக்க வேண்டும், அதைத் திறந்தால் டியூப் வெளியே வர வேண்டும். இந்த ஒரு ஜிப் இல்லாத டென்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பேன். கடையில் நின்று "அண்ணே, இந்த டியூபை ஒருமுறை வெளியே எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டினால் கடைக்காரருக்கும் விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

பஞ்சர் கடை அண்ணன் சொன்னதற்குக் காரணமும் இதுதான். அவர் போடும் சொல்யூஷன் ரப்பரோடு சேர்ந்து பிடிப்பதற்காகச் செய்தது. டி.பி.யூ. மேல் அது பிடிக்காது, பி.வி.சி. மேலும் பிடிக்காது. டி.பி.யூ.வுக்கென்று தனியாக ஒட்டுத்துண்டு உண்டு, பி.வி.சி.க்குத் தனிப் பசை உண்டு. ஆகவே உங்கள் டியூப் எந்தப் பொருள் என்று வாங்கும்போதே கேட்டு, டென்ட் பையின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். மலை மேல் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அது நினைவுக்கு வராது.

அடுத்தது வால்வு. டியூப் கிழிவதைவிட வால்வில் மணல் சிக்கிக் காற்று கசிவதுதான் அதிகம் நடக்கிறது, அதுவும் கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில் போட்டால் கேட்கவே வேண்டாம். வால்வைத் திருகிக் கழற்ற முடியுமா, அதன் மூடியும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். டியூபோடு உருக்கி ஒட்டிய வால்வு என்றால், வால்வு போனால் டியூபும் போனது. அந்தக் கம்பெனி மட்டுமே பயன்படுத்தும் விசித்திர அளவு வால்வாக இருந்தால் பம்ப் தொலைந்தாலும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். துடுப்புப் பலகை, காற்றுப் படகு இவற்றில் வரும் பொது வகை வால்வு என்றால் பம்ப், அதன் முனை எல்லாம் வெளியிலும் கிடைக்கும்.

இப்போது ஒரு முக்கியமான வித்தியாசம். சில டென்ட்களில் ஒரே இடத்தில் பம்ப் அடித்தால் எல்லா பீமும் எழுந்து நிற்கும். பார்க்க ஜோராக இருக்கும், கடைக்காரரும் அதைத்தான் காட்டுவார். ஆனால் ஒன்றில் ஓட்டை விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழுமா என்று கேளுங்கள். நடுவில் அடைப்பான் இருந்தால், அதாவது காற்று ஏறிய பிறகு ஒவ்வொரு பீமையும் தனித்தனியாக மூடிவிட முடிந்தால் சரி. இல்லையென்றால் பீமுக்கு ஒரு வால்வு வைத்த டென்ட் மேல். ஐந்து நிமிடம் கூடுதலாகப் பம்ப் அடிப்பீர்கள், அவ்வளவுதான். எங்கள் முதல் டென்டில் இருந்த ஒரே நல்ல விஷயம், நடுக்கால் மட்டும் விழுந்தது, மற்ற இரண்டும் நின்றன.

பீமின் தடிமனைப் பலர் பார்ப்பதே இல்லை. காற்றடைத்த குழாய் மடியாமல் எவ்வளவு தாங்கும் என்பது உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் ஆரத்தின் மும்மடியையும் பொறுத்தது. அதாவது அழுத்தத்தை இரு மடங்காக்கினால் வலு இரு மடங்குதான், ஆனால் தடிமனை இரு மடங்காக்கினால் எட்டு மடங்கு. 8 சென்டிமீட்டர் பீமுக்கும் 10 சென்டிமீட்டர் பீமுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, வலுவில் கிட்டத்தட்ட இரு மடங்கு. எனவே டேப் ஒன்றை எடுத்துப் போய் அளந்து பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

குடும்ப டென்ட் பலவற்றில் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கும், சில கம்பெனிகள் இன்னும் கொஞ்சம் கூட வைப்பார்கள். உங்கள் பைக் டயரில் முப்பது பக்கம் அடிக்கிறார்கள், அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் பெட்ரோல் பங்க் காற்று மெஷினிலோ டயருக்கான சின்ன கம்ப்ரசரிலோ இதை நிரப்பக் கூடாது, எப்போது அளவு தாண்டும் என்றே தெரியாது. மறுபக்கம், காற்று மெத்தைக்கு வரும் மின்சார ஊதி 1 பி.எஸ்.ஐ.கூடக் கொடுக்காது, பீம் பாதியில் தொங்கும். சைக்கிள் பம்பும் வேண்டாம். கணக்குப் போட்டால் புரியும்: 10 சென்டிமீட்டர் தடிமன், 6 மீட்டர் நீளம் உள்ள பீமில் 47 லிட்டர் இடம். 7 பி.எஸ்.ஐ. வர ஏறக்குறைய 70 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஒரு முறை அடித்தால் 2 லிட்டர் தள்ளும் பெரிய கைப்பம்ப் என்றால் 35 முறை. கால் லிட்டர் தள்ளும் சைக்கிள் பம்ப் என்றால் 280, அதுவும் ஒரே ஒரு பீமுக்கு. மேலே இழுத்தாலும் கீழே அழுத்தினாலும் காற்று தள்ளும், அழுத்தமானி வைத்த கைப்பம்ப் வாங்கினால் போதும். அழுத்தமானி இல்லாத பம்ப் இருந்தும் பிரயோசனமில்லை.

ஏன் அழுத்தமானி என்று இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் ஊர் வெயில். காலையில் 25 டிகிரியில் 7 பி.எஸ்.ஐ. அடித்து வைக்கிறீர்கள். மதியம் வெயிலில் டியூபுக்குள் இருக்கும் காற்று 50 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் 9-ஐ நெருங்கும். அக்னி நட்சத்திர நேரத்தில் கறுப்பு நிற பீம் என்றால் சொல்லவே வேண்டாம். அளவு மீறினால் தானாகக் காற்றை வெளியே விடும் வால்வு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பத்து மணிக்கு நீங்களே கொஞ்சம் இறக்கிவிடுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஏலகிரியில் மாலை 30 டிகிரியில் 7 அடித்தால், விடியற்காலை 15 டிகிரியில் அது 6-க்குக் கீழே இறங்கியிருக்கும். அது ஓட்டை இல்லை, காற்று சுருங்கியிருக்கிறது. என் மச்சான் இதைப் பார்த்துவிட்டு டென்டை முழுவதும் பிரித்து சோப்புத் தண்ணீர் தடவி ஒரு மணி நேரம் குமிழி தேடினான். படுக்கப் போகும் முன் அழுத்தமானியைப் பார்த்து பீமுக்கு ஓரிரு முறை கூடுதலாக அடித்துவிட்டால் அந்த வேலை மிச்சம்.

துணியைப் பற்றி. பாலியஸ்டர் போதும், நைலானைவிட நனைந்தால் குறைவாகவே தொய்யும், வெயிலையும் கொஞ்சம் கூடத் தாங்கும். பருத்தி கலந்த துணி உள்ளே குளிர்ச்சிதான், ஆனால் கனம், நம் ஈரப்பதத்தில் காயவே காயாது. நீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போடுவார்கள். 3000 என்றால் துணியின் மேல் 3 மீட்டர் உயரத் தண்ணீர் நிற்கும்வரை ஒழுகாது என்று பொருள். 1500-க்குக் கீழே வேண்டாம், 3000 தாராளம். 6000 என்று பெருமையாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், மழை ஒழுகுவது பெரும்பாலும் துணியால் இல்லை, தையலால். உள்பக்கம் தையல் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா, கூரையும் ஜன்னலும் சேரும் மூலைகளில் அந்தப் பட்டை சுருங்காமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சென்னைக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்லுவது காற்றோட்டம். இந்த டென்ட்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குளிருக்கும் சாரலுக்கும் வடிவமைத்தவை. எதிரெதிரே இரண்டு பெரிய வலை ஜன்னல், கூரைக்குக் கீழே சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு, இது இல்லாத டென்டில் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள், இட்லிப் பானைக்குள் இருப்பது எப்படி என்று தெரிந்துவிடும். வெளிச்சத்தை மறைக்கும் இருட்டுத் துணி வைத்தவை காலையில் பிள்ளைகளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தூங்க வைக்கும், எங்கள் வீட்டில் அதற்கு ஓட்டு அதிகம்.

எத்தனை பேர் டென்ட் என்பதில் கம்பெனிக் கணக்கை நம்பாதீர்கள். ஆளுக்கு 60, 65 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்கிட்டு நான்கு பேர் என்று எழுதுவார்கள், மத்தியானம் சாப்பிட்ட நம் வயிற்றுக்கு அது ரயிலின் மேல் பர்த். அப்பா அம்மா இரண்டு பிள்ளை என்றால் ஐந்து, ஆறு பேர் அளவு வாங்குங்கள், பைகள் வைக்க முன்கூடம் இருப்பது அவசியம். எடை 15-லிருந்து 25 கிலோ வரும், பைக்கில் ஏற்றுவதை மறந்துவிடுங்கள். சுருட்டிய மூட்டையின் அளவைக் கேட்டு, உங்கள் கார் டிக்கியை அளந்துகொண்ட பிறகு வாங்குங்கள். நாங்கள் அளக்காமல் வாங்கியதால் இப்போதும் பின்சீட்டு நடுவில் ஒரு பயணி கூடுதலாக வருகிறார்.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். உலகளவில் ஏர் டென்டுக்குப் பெயர் போனவை ஸ்காட்லாந்தின் வேங்கோ, டென்மார்க்கின் அவுட்வெல், நியூசிலாந்தின் செம்பயர், அப்புறம் பிரான்ஸின் டெகாத்லான் வைத்திருக்கும் கெச்சுவா. வேங்கோ தன் பீம் டியூப்களைத் தனியாக விற்கிறது. கெச்சுவாவின் ஏர் செகண்ட்ஸ் வரிசையில் 4.1, 4.2, 6.3 என்று போட்டிருப்பார்கள், முதல் எண் எத்தனை பேர், இரண்டாவது எத்தனை அறை. அதற்கும் டியூப், மேல்துணி, உள்ளே மாட்டும் படுக்கையறைத் துணி எல்லாம் தனித்தனி உதிரிகளாக விற்பனைக்கு வைக்கிறார்கள். டெகாத்லானுக்குச் சென்னையில் கிளைகள் இருப்பது நமக்கு வசதி, டென்டைக் கையோடு எடுத்துப் போய்க் கவுன்ட்டரில் பேச முடியும். ஆனால் வெளிநாட்டுத் தளத்தில் உதிரி இருப்பதும் இங்கே வந்து சேருவதும் வேறு வேறு. வாங்கும் அன்றே மாடல் எண்ணைச் சொல்லி, இந்த டியூப் இந்தியாவுக்கு வருமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள், மின்னஞ்சல் போதும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வருகிறார் என்றால் கூடவே ஒரு உதிரி டியூபும் ஒரு வால்வும் கொண்டுவரச் சொல்லுங்கள், பிறகு தனியாக வரவழைத்தால் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து டியூபின் விலையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. பீம்கள் ஒரே நீளமா என்றும் பாருங்கள். மூன்றும் ஒரே அளவு என்றால் ஒரு உதிரி போதும், ஒவ்வொன்றும் ஒரு நீளம் என்றால் எதை வாங்கி வைப்பது?

டியூபைத் தவிர மற்ற உதிரிகளுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். ஜிப்பின் ஸ்லைடர் தேய்ந்தால் பை தைக்கிற கடையில் மாற்றிக்கொள்ளலாம், ஜிப்பின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவு வாங்கினால் சரி. கயிறு, தார்ப்பாய், கொக்கி எல்லாம் பாரிமுனையில் தேடினால் கிடைக்கும். கூட வரும் முளைகள் கம்பி மாதிரி மெல்லியவை, மலைக் கற்களில் வளைந்துவிடும், கொல்லனிடமோ வெல்டிங் கடையிலோ சொன்னால் தடித்த கம்பியில் செய்து கொடுப்பார்கள். கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது, அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

வாங்கி வந்ததும் உடனே ஊருக்குக் கிளம்பாதீர்கள். மொட்டை மாடியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முளை அடிக்க முடியாது, அதற்குப் பதில் 20 லிட்டர் தண்ணி கேன்கள் நான்கைந்தை மூலைக்கு ஒன்றாக வைத்துக் கயிறு கட்டினால் போதும். காலை ஆறு மணிக்கு அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு பீமிலும் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி பாருங்கள். ஒரே நேரம் என்பது முக்கியம், வெப்பம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். மே மாதத்தில் பகல் முழுக்க வெறும் வெயிலில் விடாதீர்கள், வெயில் துணியைத் தின்னும், ஆறு மணிக்கே கொஞ்சம் குறைவாக அடித்துக் குறித்துக்கொண்டு, எட்டு மணிக்கு மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு வையுங்கள். கசிவு தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் திருப்பிக் கொடுங்கள், ஒட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினால் வாரன்டி போய்விடக்கூடும்.

பராமரிப்பில் ஒன்றுதான் உண்மையில் பெரிய விஷயம், காய வைப்பது. டென்ட் துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் மெதுவாகச் சிதையும். பல வருடம் அலமாரியில் வைத்த ஷூவின் அடிப்பாகம் தூளாகிறதே, ரெக்சின் பை உரிகிறதே, அதே சமாசாரம். முதலில் பிசுபிசுப்பு, பிறகு புளித்த வாடை, அந்த நிலைக்கு வந்த துணியைக் காப்பாற்ற முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறியது, டென்ட் காருக்குள் இருந்தது. வீட்டு வேலைகளுக்கு நடுவில் அதை மறந்து இரண்டு வாரம் கழித்துப் பிரித்தேன், ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. டியூபுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, படுக்கையறைத் துணியை மட்டும் புதிதாக வாங்கி மாட்டினோம், உதிரி கிடைக்கிற டென்ட் வாங்கியதன் பலன் அன்றைக்குத் தெரிந்தது.

கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ஜிப்களையும் வால்வுகளையும் கழுவி, நிழலில் காய வைத்து, வால்வைத் திறந்தே வைத்துத் தளர்வாகச் சுருட்டிப் பரணில் போடுங்கள். முன்பு மடித்த அதே கோட்டில் மறுபடி மடிக்காதீர்கள். எலி வரும் வீடு என்றால் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதற்குள்ளேயே ஒரு சின்னப் பையில் நான் வைத்திருப்பது: உதிரி டியூப் ஒன்று, டி.பி.யூ. ஒட்டுத்துண்டுகள், துடைக்க ஆல்கஹால் துணி, வால்வு ரப்பர் வளையம் இரண்டு, கிழிந்த துணிக்கு ஒட்டும் நாடா, ஓட்டை தேட ஒரு சின்ன சோப்பு பாட்டில், மார்க்கர் பேனா. ஓட்டையைக் கண்டுபிடித்ததும் மார்க்கரால் வட்டம் போடுங்கள், தண்ணீரைத் துடைத்த பிறகு அது எங்கே போனது என்று தெரியாது. இடத்தை நன்றாகக் காய வைத்து, ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டி, ஒரு ராத்திரி மேலே கனமான பொருளை வைத்து விடவேண்டும். மலையில் அதற்கு நேரமில்லை, அங்கே பழைய டியூபை உருவி உதிரியை மாட்டுங்கள், உறையின் ஜிப்பைத் திறப்பதிலிருந்து மறுபடி நிற்க வைக்கும்வரை எனக்கு இருபது நிமிடம் ஆகிறது, மச்சான் டார்ச் பிடித்தால் முப்பது.